பட்டிப் பொங்கலுக்குக் கூடும் தோட்டம்

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலை கோவை - திருச்சி நெடுஞ்சாலைதான். இரண்டு பக்கமும் அரிசி ஆலைகள், எண்ணெய் ஆலைகள், தேங்காய்ப் பருப்பு காயும் களங்கள். தை மாதத்து வெயிலில் களம் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கும். பேருந்தில் போகிறவர்களுக்குக் காங்கேயம் என்றால் அவ்வளவுதான் தெரியும். சாலையை விட்டு இறங்கி மண் தடத்தில் ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் மாடு வளர்த்த காங்கேயம் கண்ணில் படும்.

தடத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். இதற்கு இந்தப் பக்கம் இட்டேரி என்று பெயர். வேலிக்கு அந்தப் புறம் நெல்லோ கரும்போ இருக்காது. கொழுக்கட்டைப்புல் காய்ந்து பொன் நிறத்தில் நிற்கும். அங்கங்கே குடை பிடித்தது போல வெள்வேல மரங்கள். மரத்தடியில் நாலைந்து மயிலைப் பசுக்கள், பக்கத்தில் செந்நிறக் கன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். விவரம் தெரியாதவர்கள் கன்று வேறு மாட்டுடையது என்று நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமியில் பாட்டன் பூட்டன் கண்டுபிடித்து வைத்த பண்ணயம் இது. கீழே புல், மேலே வெள்வேல், சுற்றிலும் கிளுவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் புல் தழைக்கும். வெயில் காலத்தில் புல் தீர்ந்தால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கம்போ விதைத்தால், தட்டு அறுத்த பிறகு புல் தானாகவே திரும்ப முளைத்துவிடும். வேலி இருப்பதால் மேய்க்க ஆள் வேண்டாம். கடவை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேர் வாங்கிக் கொடுத்த காங்கேயம் காளைக்குப் பின்னால் இருப்பது இந்தக் காடுதான். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் காளையின் திமிலைப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தத் திமில் வளர்ந்த காட்டை யாரும் பார்ப்பதில்லை.

வெள்ளகோவில் பக்கம் இட்டேரி ஓரத்தில் ஒரு தோட்டம். மொத்தம் 20 ஏக்கர். கிணற்றைச் சுற்றி 8 ஏக்கரில் தென்னையும் சோளத்தட்டும் முருங்கையும். மிச்சம் 12 ஏக்கர் கொறங்காடு. பி.ஏ.பி. வாய்க்கால் பாசனம் இந்தத் தோட்டத்துக்குக் கிடையாது. கிணறும் ஒரு ஆழ்துளைக் கிணறும்தான் எல்லாவற்றுக்கும். தோட்டத்துச் சாளையில் நிரந்தரமாக இருப்பவர்கள் மூன்று பேர். 78 வயது ஆத்தா, மூத்த மகன், அவர் மனைவி. தை 2ஆம் தேதி மட்டும் 34 பேர் ஆகிவிடுவார்கள்.

தை 1 பொங்கலை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். சூரியனுக்குப் படைத்து முடித்ததும் மறுநாள் கருக்கலில் கிளம்பி வந்துவிட வேண்டும். மூத்த மகள் தாராபுரம் பக்கத்திலிருந்து, இளைய மகள் பெருந்துறையிலிருந்து, கடைசி மகன் திருப்பூரிலிருந்து. பேரன் பேத்திகளில் ஒருவர் பெங்களூரு, ஒருவர் சென்னை. வெளிநாட்டில் இருக்கும் பேரன் செல்போனில் வருவான். இந்த வருடம் மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்ததால் சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டது. மூன்று நாள் தங்க முடிந்தது.

இங்கே மாட்டுப் பொங்கல் என்று யாரும் சொல்வதில்லை. பட்டிப் பொங்கல்தான். பட்டி என்றால் மாடு அடைகிற இடம் மட்டும் இல்லை, மாடு, கன்று, ஆடு அத்தனையும் சேர்ந்தது பட்டி. கூடப் பிறந்தவர்கள் தீபாவளிக்கு வராமல் இருக்கலாம், கோயில் நோம்பிக்குக்கூடத் தவறலாம். பட்டிப் பொங்கலுக்கு வரவில்லை என்றால் ஊர் கேட்கும், "ஏனுங்க, எதாச்சும் மனஸ்தாபங்களா?"

போன தையில் இந்தத் தோட்டத்தில் பொங்கல் இல்லை. அதற்கு முந்தின ஐப்பசியில் பெரியவர் காலமாகிவிட்டார். துக்க வருடம், நோம்பி கிடையாது. மூத்த மகன் மட்டும் மாட்டைக் கழுவி, பழைய கயிற்றை மாற்றி, தண்ணீர் காட்டிவிட்டு அடைத்துவிட்டார். யாரும் வரவில்லை, வரச் சொல்லவும் இல்லை. வழக்கம் அப்படித்தான், அதில் தப்பு இல்லை.

ஆனால் அந்த ஒரு வருடத்தில் நடந்தவற்றை மூத்த மருமகள் அடுப்படியில் உட்கார்ந்து அவரை உரித்தபடியே வரிசையாகச் சொன்னார். கொறங்காட்டு வடக்கு வேலியில் நாலு இடத்தில் கிளுவை பட்டுப்போய்க் கடவு விழுந்தது. போத்து நடக் கூலி யார் கொடுப்பது என்று தெரியாமல் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். போர் மோட்டார் சுருள் எரிந்தது. செலவில் பாதியைத் தம்பி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவில்லை. இவரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. வெள்வேலங்காயை வழக்கமாக வாங்குகிறவர் வந்தார். யாரைக் கேட்டு விலை பேசுவது என்று தள்ளிப் போட்டதில், பாதிக் காய் மழையில் நனைந்து வீணானது. ஆவணியில் ஒரு புரோக்கர் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். சூரிய மின்சாரத் தகடு போட இடம் தேடுகிறார்களாம். அவரை அனுப்பியது யார் என்று இவர் விசாரித்தபோதுதான், தம்பி தன் பங்கை விற்கப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"போன்ல கேட்டா சண்டையாப் போயிருங்க. அதுதான் நோம்பிக்கு வரட்டும்னு உட்டுட்டோம்" என்றார் மருமகள்.

ஆக, 34 பேரும் வந்து இறங்கியபோது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் எதையும் பேசவில்லை. முதல் நாள் பட்டிக்கு உரியது.

காலையிலேயே மாடுகளைக் கிணற்றடித் தொட்டிக்கு ஓட்டிக் கழுவினார்கள். கொம்பு சீவி வண்ணம் பூசுவதைப் பெங்களூருவிலிருந்து வந்த பேரன் எடுத்துக்கொண்டான். ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு நீலமாக முடிந்தது. மாமன் மச்சான்கள் கிண்டல் செய்தார்கள், மாடு கண்டுகொள்ளவில்லை. புதுத் தாம்பு, புது மூக்கணாங்கயிறு, கழுத்துக்குச் சலங்கை. சாணம் வழித்த கட்டுத்தறியில் கோலம். போகியன்று காப்புக் கட்டிய வேப்பிலையும் ஆவாரையும் பூளைப்பூவும் வாசலில் இன்னும் வாடாமல் இருந்தன.

பொழுது சாயும் நேரத்தில் தெப்பக்குளம் கட்டினார்கள். பட்டியின் நடுவே சாணத்தாலும் மண்ணாலும் வரப்பு எடுத்து இரண்டடிச் சதுரத்தில் ஒரு குட்டிக் குளம். வரப்பின் மேல் ஆவாரம்பூவும் பூளையும் செருகி, உள்ளே தண்ணீர் விட்டுக் கொஞ்சம் பாலையும் ஊற்றுவார்கள். பக்கத்தில் சாணப் பிள்ளையார், தலையில் அருகம்புல். இந்த வேலை சிறுவர்களுடையது. பெரியவர்கள் கை வைத்தால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். குளத்துக்கு மதகு வைக்க வேண்டும் என்று ஒரு பேத்தி பிடிவாதம் பிடித்து, பப்பாளித் தண்டில் ஒரு குழாய் சொருகினாள்.

மூன்று பானைகளில் பொங்கல் பொங்கியது. இலை போட்டுப் படைத்து, பொங்கலும் வாழைப்பழமும் பிசைந்து முதல் உருண்டை மூத்த பசுவுக்கு. இதுவரை அந்த உருண்டையைப் பெரியவர்தான் ஊட்டுவார். இந்த முறை எல்லோரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆத்தா வட்டலை எடுத்துப் பெரிய மகளிடம் கொடுத்தார். மகனிடம் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகனும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஒன்றும் சொல்லாமல் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு பட்டி மிதித்தல். செவலைக் கன்றை அவிழ்த்துத் தெப்பக்குளத்தின் பக்கம் ஓட்ட வேண்டும். பையன்கள் பித்தளைத் தட்டைக் குச்சியால் அடித்துக்கொண்டு கூச்சல் போடுவார்கள். பட்டி பெருக வேண்டும், நோய் நொடி தெருவோடு போக வேண்டும் என்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டே விரட்டுவார்கள். கன்று மிரண்டு குளத்தை மிதித்துத் தாண்டினால் அந்த வருடம் நல்லது. இந்தக் கன்று குளத்தருகே நின்று பால் கலந்த தண்ணீரைக் குடித்தது. பின்னால் யாரோ வாலைத் திருகியதும் ஒரே தாவலில் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடியது. பப்பாளிக் குழாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரவுச் சாப்பாடு வாசலில். பொங்கல், அவரைக்கொட்டைக் குழம்பு, பூசணிக்காய்ப் பொரியல், சக்கரவள்ளிக்கிழங்கு. அப்பத்தா என்று ஒரு பக்கமும் அம்மாயி என்று ஒரு பக்கமும் ஒரே கிழவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படுக்க இடம் போதாமல் ஆண்கள் களத்தில் தார்ப்பாய் விரித்தார்கள். தை மாதப் பனி காங்கேயத்தில் லேசானது இல்லை. நடுராத்திரியில் பாதிப் பேர் எழுந்து தட்டுப்போர் ஓரம் ஒதுங்கினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை பூப்பறிக்கிற நோம்பி. பெண்களும் பிள்ளைகளும் முறுக்கு, கச்சாயம், கரும்பு கட்டிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கக் கிளம்புவது கொங்குப் பக்கத்து வழக்கம். பூ பறித்து, கும்மியடித்து, கொண்டுபோனதைத் தின்றுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்புவார்கள். ஆவாரை வெள்ளாமை நிலத்தில் இருக்காது. இட்டேரி ஓரத்திலும் கொறங்காட்டு வேலியோரத்திலும்தான் கிடைக்கும். அதனால் பூப்பறிக்கப் போகிறவர்கள் தோட்டத்தின் நாலு எல்லையையும் கால்நடையாகச் சுற்றி வந்துவிடுகிறார்கள். அதைக் கவனித்துப் பார்த்தால், இந்த நோம்பி பாதி பூவுக்கு, பாதி வேலிக்கு என்றுதான் தோன்றும். கட்டிக்கொடுத்த பெண்களும் பட்டணத்துப் பேரப்பிள்ளைகளும் வருடத்தில் ஒருநாளாவது காட்டின் எல்லைக்கல்லைக் கண்ணால் பார்ப்பது இதனால்தான்.

வடக்கு வேலியின் கடவுகளை முதலில் பார்த்தது திருப்பூர்க்காரரின் மகள். கல்லூரியில் கணக்கு படிக்கிற பெண். "அப்பா, இது நம்ம பங்குல வருதா?" என்று கேட்டாள். கூட வந்த அத்தைகள் யாரும் வாய் திறக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை, கிணற்றடியில் கோழி உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் கறிச்சோறு. சாப்பிட்டு முடித்துச் சிறுசுகள் கிணற்றுப் பக்கம் போனதும், பெரியவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இது இந்தக் குடும்பத்தில் பெரியவர் காலத்திலிருந்தே உள்ளது. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் வரவு செலவு படிப்பார். தேங்காய் எவ்வளவு, மோட்டார்ச் செலவு எவ்வளவு, யாருக்கு எத்தனை தேங்காய் போனது. கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த முறை பொழுது இறங்கும் வரை நீண்டது.

பேச்சைத் தொடங்கியவர் தம்பிதான். "வருசத்துல ஒரு தடவ வந்து பொங்க வெச்சுட்டுப் போறதுக்கு என்ற மூணு ஏக்கரா முடங்கிக் கெடக்கோணுங்களாண்ணா?" திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறவர். இரண்டு வருடமாக ஆர்டர் குறைவு, வங்கிக் கடன் ஏறிவிட்டது. காட்டை விற்றால் கடன் தீரும். அவர் பேசியதில் பொய் எதுவும் இல்லை.

அண்ணனும் மனதில் இருந்ததைச் சொன்னார். "வேலி கட்டுனது, தொட்டிக்குத் தண்ணி உட்டது, ஆத்தாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது, இதுக்கெல்லாம் நான் கணக்கு எழுதுனனா தம்பி?"

பெரிய அக்காவின் மனக்குறை இரண்டு தம்பிகள் பேசியதைவிடப் பழையது. அவர் கல்யாணம் 1986ல் நடந்தது. தங்கைக்கு 1993ல். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு என்று வந்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. ஆக, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் இளையவளுக்குப் பங்கு, மூத்தவளுக்கு இல்லை என்று ஊரே பேசிவந்தது. அக்கா இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கொறங்காட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இந்த முறை அவரை உட்கார வைத்தது தங்கைதான். பெருந்துறைப் பக்கம் பள்ளி ஆசிரியை, வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்ப்பதில்லை. மகள் பிறந்தபோதே மகனைப் போல உரிமையாளர். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது. இந்தத் தோட்டம் பிரிக்கப்படவே இல்லை, பெரியவர் உயிலும் எழுதவில்லை. எனவே நாலு பேருக்கும் சமமான உரிமை. ஆத்தாவுக்கும் பங்கு உண்டு. அவருக்கு எவ்வளவு என்பது எந்த நிலம் பூர்வீகம், எந்த நிலம் பெரியவர் சொந்தமாக வாங்கியது என்பதைப் பொறுத்தது.

இதில் தம்பிகளுக்கு மனத்தாங்கல் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. பெரிய தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சின்னவர்தான், "அக்காளுக்கு இல்லைன்னு நாங்க எப்பச் சொன்னோம்?" என்றார். சொல்லவில்லைதான். இருக்கிறது என்றும் யாரும் சொன்னதில்லை, இத்தனை வருடமாக.

பிறகுதான் காட்டைப் பிரிப்பது எப்படி என்ற பேச்சு வந்தது. தரையில் குச்சியால் கோடு போட்டுக் கணக்குப் போட்டவள் அந்தக் கல்லூரிப் பெண். 12 ஏக்கரைச் சதுரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 220 மீட்டர். சுற்று வேலி 880 மீட்டர். உள்ளே இரண்டு குறுக்கு வேலி போட்டு மூன்று பட்டியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றில் மாடு மேயும்போது மற்ற இரண்டிலும் புல் தலை தூக்கும். இதையே நாலு பேருக்கு நாலு நீளத் துண்டாகப் பிரித்தால் மூன்று புதுக் குறுக்கு வேலி, அதாவது 660 மீட்டர் புதிதாக வளர்க்க வேண்டும். கிளுவைப் போத்து நட்டு, அது ஆட்டுக்குட்டி நுழையாத வேலியாக அடர்ந்து வரப் பல வருடம் பிடிக்கும். கம்பி வேலி என்றால் காசு. அவ்வளவும் செய்தபின் ஒவ்வொருவருக்கும் மிஞ்சுவது 55 மீட்டர் அகலத்தில் ஒரு ரிப்பன். அதில் மூன்று ஏக்கர் இருக்கும், ஆனால் மாற்றி மாற்றி மேய்க்க இடம் இருக்காது.

அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆத்தா ஒன்று கேட்டார். "தண்ணித் தொட்டி யாரு பங்குல வரும் கண்ணு?"

யாரும் அதை யோசிக்கவில்லை. காட்டுக்கு ஒரே தொட்டிதான். கிணற்றிலிருந்து குழாய் போவதும் ஒரே வழியில்தான்.

பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதிகளில் "கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக மாற்றுவது எப்படி?" என்ற கேள்வியைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. மாற்றத்தான் வேண்டுமா, எல்லாவற்றையுமா என்று கேட்கிறவர்கள் குறைவு. வெள்ளாமை நிலம் வேறு, கொறங்காடு வேறு. கிணறு, வண்டித்தடம், மேய்ச்சல் காடு மூன்றும் பிரித்தால் குறைந்துபோகிற சொத்துகள். சேர்த்து வைத்திருப்பதும் சும்மா நடக்காது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் முகம் பார்த்து உட்கார்ந்து கணக்குப் பேசினால்தான் பொதுச் சொத்து பொதுவாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு வருடம் உட்காராமல் விட்டார்கள். வேலியில் நாலு கடவு, எரிந்த மோட்டார், வந்து போன புரோக்கர்.

எட்டு ஏக்கர் தோட்டத்தை முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்வதில் எல்லோருக்கும் சம்மதம். அதில் பெரியவருக்கே அவசரம் இருந்தது. பட்டா இன்னும் இறந்துபோன அப்பாவின் பேரில் 20 ஏக்கராக நிற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் பிரச்சினை, சொட்டுநீர் போடக் கேட்டாலும் பிரச்சினை. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். அதற்கு முதல்படி இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும். வாரிசுச் சான்றில் ஆத்தா பெயரும் நாலு பிள்ளைகள் பெயரும் இருக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணை விட்டுவிட்டு வாங்குகிற சான்று பிறகு எல்லாப் பத்திரத்தையும் ஆட்டிவிடும். மின் இணைப்பையும் பேர் மாற்ற வேண்டும். அதற்கும் எல்லோர் கையெழுத்தும் வேண்டும்.

கொறங்காடு மட்டும் கூட்டுப் பட்டாவிலேயே இருக்கட்டும் என்று மூன்று பேர் சொன்னார்கள். கடைசித் தம்பி சம்மதிக்கவில்லை. அவர் கடன் வேப்பமரத்தடிப் பேச்சுக்காகக் காத்திருக்காது. அப்போது ஆசிரியைத் தங்கை இன்னொரு விஷயத்தை எடுத்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து பிள்ளைகளுக்குச் சேர்ந்து வரும்போது, அதில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், வாங்கும் முதல் உரிமை மற்ற வாரிசுகளுக்கு. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "நீ வெளிய விக்கறதுக்கு முந்தி எங்களைக் கேட்டே ஆகோணும் கண்ணு. கோர்ட்டுக்குப் போறதுக்காகச் சொல்லலே. கேட்டா நாங்க வாங்குவோம்னு சொல்றேன்."

"எப்ப வாங்குவீங்க? பணம் எங்கிருக்குது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பெரிய அக்காவின் வீட்டுக்காரர் அதுவரை பேசவே இல்லை. மச்சான் வீட்டு விஷயத்தில் மாப்பிள்ளை வாய் கொடுப்பது இங்கே வழக்கம் இல்லை. இப்போது தாராபுரத்துப் பக்கம் தனக்கு வர வேண்டிய ஆட்டுப் பணம் சித்திரைக்கு வரும் என்றார். அதில் பாதியை அக்கா பேரில் போடலாம், மீதியைப் பெரியவர் இரண்டு தேங்காய்ப் போக்கில் கொடுக்கலாம். விலை என்ன என்பதில்தான் இழுபறி. சூரிய மின்சாரக்காரர்கள் சொன்ன விலையைச் சின்னவர் சொன்னார். பக்கத்துக் கொறங்காடு மூன்று வருடத்துக்கு முன் கைமாறிய விலையைப் பெரியவர் சொன்னார். இரண்டுக்கும் நடுவே நிறைய இடைவெளி. அன்றைக்கு அது முடியவில்லை. சித்திரை வரை வெளியில் யாருக்கும் முன்பணம் வாங்குவதில்லை என்று சின்னவர் ஒப்புக்கொண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் தன்மேல் வருத்தப்படக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். யாரும் வருத்தப்படமாட்டோம் என்று சொல்லவில்லை.

மோட்டார்ச் செலவில் தன் பாதியை அவர் அங்கேயே எண்ணிக் கொடுத்தார். அண்ணன் வாங்கி எண்ணாமல் மடியில் வைத்தார். வெள்வேலங்காய் விலையை இனிமேல் பெரியவரே பேசலாம், கேட்க வேண்டியதில்லை என்று முடிவானது. வேலிச் செலவு நாலு பங்கு. காட்டில் மயிலம்பாடி ஆடு மேய்க்கக் கேட்டவருக்கு, மாடு மேயாத பட்டியை மட்டும் வருடக் குத்தகைக்கு விடுவது, பணம் நாலு பேருக்கும் ஆத்தாவுக்கும். நோட்டில் எழுதியது கல்லூரிப் பெண். தாத்தாவின் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், ஒரு வருடத்தைத் தாண்டித் தேதி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வடக்கு வேலிக்குப் போனார்கள். நல்ல வேலியிலிருந்து கிளுவைப் போத்து வெட்டி, கடவு விழுந்த இடத்தில் நெருக்கமாக நட்டு, இரண்டு பக்கமும் முள் அணைத்தார்கள். இது போத்து நடுகிற காலம்தானா என்று பெரியவருக்குச் சந்தேகம். பேரன்கள் கையில் கொப்புளம் வந்தபின் அதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டார். பட்டால் மறுபடி நட்டுக்கொள்ளலாம்.

மத்தியானம் வண்டிகள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் தேங்காய், முருங்கைக்காய், அவரை, ஒரு கட்டுக் கரும்பு. இட்டேரியில் எதிரே பக்கத்துத் தோட்டத்து வண்டி வந்ததால் திருப்பூர் கார் பின்னாலேயே வந்து சாளை வாசலில் நின்றது. ஆத்தா காருக்குள் தலையை நீட்டி, வாரிசுச் சான்றுக்குத் தன் ஆதார் அட்டையும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றதும் உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து எடுத்துவந்து சின்ன மகன் கையில் கொடுத்தார்.

"நகல் எடுத்துட்டு அண்ணங்கிட்டக் குடுத்துரு. வர்ற திங்கக்கிழமை தாலூகாபீசுக்கு நீயும் வரோணும்."

"வர்றேன் ஆத்தா" என்றார் அவர். எதிர் வண்டி ஒதுங்கியதும் கார் இட்டேரியில் இறங்கியது.